‘கொஞ்ச நாளைக்குத்தான்’ என்று தண்ணீரில் போட்டது: செல்லாஃபீல்டு, ஹான்ஃபோர்டு பழைய எரிபொருள் குளங்கள்

நீர்க்கணக்கு | ஞாயிறு, காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். இன்னொரு இழையில் ஒருவர், “தீர்ந்த அணு எரிபொருளைத் தண்ணீரில் போட்டு வைக்கிறார்களாமே, இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?” என்று கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகப் போடுகிறேன்.

நான் தண்ணீர் வேதியியல் பார்த்தே ஓய்வு பெற்றவன். பாதிக்காலம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் தண்ணீர். பிற்பாடு சில ஆண்டுகள் ஓர் அணுமின் நிலையத்தில் எரிபொருள் குளத்துத் தண்ணீர். அதனால் குளத்தின் மேல் எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. அந்தத் தண்ணீரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எத்தனை நாள் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதில் மட்டும் கவலை உண்டு.

முதலில் தண்ணீர் எதற்கு? உலையிலிருந்து வெளியே எடுத்த எரிபொருள் உடனே ஆறிவிடாது. பிளவு நின்றாலும் உள்ளே பிறந்த தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும், அந்த வெப்பம் ஆண்டுக்கணக்கில் வரும். தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது, கதிரையும் தடுக்கிறது. எரிபொருளின் தலைக்கு மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றாலே கரையில் ஆள் நின்று வேலை பார்க்கலாம். பெரிய குளங்கள் பன்னிரண்டு மீட்டர் ஆழம் வரை இருக்கும். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதால் கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். புதிதாக இறக்கிய எரிபொருளைச் சுற்றி ஒரு நீல ஒளி நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு முதன்முறை அதைப் பார்த்த இரவை நான் மறக்கவில்லை.

ஆக, தண்ணீர் நல்ல காவல்காரன்தான். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, உள்ளே போடும் உலோகம் தண்ணீரைத் தாங்க வேண்டும். இரண்டு, அது எப்போது வெளியே போகும் என்பது போடும்போதே முடிவாகியிருக்க வேண்டும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு என்ற இரண்டு அணு வளாகங்களிலும் இந்த இரண்டு நிபந்தனையுமே தவறின.

செல்லாஃபீல்டில் பி30 என்று ஒரு குளம். 1950களின் கடைசியில் கட்டி, 1960 முதல் 1986 வரை ஓட்டியது. கூரை கிடையாது, திறந்தவெளி. மேக்னாக்ஸ் உலைகளின் எரிபொருள் அங்கே வந்து இறங்கும். சில மாதம் ஆறும். பிறகு உறையை உரித்து, உள்ளே இருக்கும் யுரேனியத்தை மறுசெயலாக்கத்துக்கு, அதாவது அதில் மீண்டும் பயன்படுவதைப் பிரித்தெடுக்க, அனுப்புவார்கள். சுமார் 27,000 டன் எரிபொருள் இப்படி அந்தக் குளத்தைக் கடந்திருக்கிறது.

சிக்கல் அந்த உறையில். மேக்னாக்ஸ் என்பது மக்னீசியக் கலவை. உலைக்குள் கரியமிலவாயுவில் இருக்கும்வரை அருமையான உலோகம், தண்ணீரில் நாள்பட ஊறினால் அரித்துவிடும். அதனால் அதை ஓராண்டுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த முறையின் அடிப்படைக் கணக்கு. 1970களில் அது உடைந்தது. 1974 தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத் தகராறு முற்றி, வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் என்ற நிலை. அணு உலைகளை முழுமூச்சில் ஓட்டினார்கள். எரிபொருள் குவிந்தது, மறுசெயலாக்கம் ஈடுகொடுக்கவில்லை. மாதக்கணக்கில் இருக்க வேண்டியது ஆண்டுக்கணக்கில் ஊறியது. உறை கரைந்தது, யுரேனியம் தண்ணீரோடு கலந்தது, எல்லாம் சேறாக இறங்கியது.

சேற்றை எடுக்கத் தொடங்கும்முன் இருந்த கணக்கு: சுமார் 14,000 கன மீட்டர் கதிரியக்கத் தண்ணீர், அதன் அடியில் சுமார் 1,500 கன மீட்டர் சேறு. ஹான்ஃபோர்டு பற்றி மாலையில் எழுதுகிறேன், பேத்தியைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்.

கேள்விக்காரி | ஞாயிறு, காலை 10.40

ஐயா, மிக்க நன்றி. ஒரு சந்தேகம். சேறு என்றால் வயல் சேறு மாதிரியா? அதை பம்பு வைத்து உறிஞ்ச முடியாதா? நாங்கள் வீட்டுத் தொட்டியையே ஆண்டுக்கு ஒருமுறை அப்படித்தான் கழுவுகிறோம்.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 11.25

சகோதரி, வேதியியல் பக்கத்தை நான் சொல்கிறேன், நீர்க்கணக்கு ஐயா பிழை இருந்தால் திருத்தட்டும்.

மக்னீசியம் தண்ணீரோடு வினைபுரிந்தால் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜனும் வரும். மருந்துக்கடையில் வயிற்றெரிச்சலுக்கு வெள்ளையாகக் கூழ் மாதிரி ஒரு புட்டி தருவார்களே, அதில் இருப்பது இதே மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான். அந்தக் கூழை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் யுரேனியத் துகள், சீசியம், ஸ்ட்ரான்ஷியம், கொஞ்சம் புளூட்டோனியம், திறந்தவெளியில் வளர்ந்த பாசி, காற்றடித்துக்கொண்டுவந்த மண், பறவை எச்சம் எல்லாம் கலந்துவிட்டன. கிளறினால் ஊதிய சாம்பல் மாதிரி மேலே கிளம்பும், தண்ணீர் கலங்கிவிடும், அப்புறம் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுத் தொட்டி கலங்கினால் காத்திருக்கலாம். இங்கே கலங்கிய தண்ணீர் கரையில் நிற்பவர்மேல் கதிரைக் கூட்டும்.

மின்கோபுரம் | ஞாயிறு, பிற்பகல் 1.05

ஐயாவின் பதிவு நன்று. ஆனாலும் இப்படி 1950களின் கதையை எடுத்துவைத்தால், படிக்கிறவர்கள் இன்றைக்குள்ள குளங்களையும் அப்படியே நினைத்துக்கொள்வார்கள். இன்றைய மின் உலைகளில் பெரும்பாலும் உறை சிர்கோனியக் கலவை. சுத்தமான தண்ணீரில் அது அரைநூற்றாண்டு இருந்ததற்கே அனுபவம் இருக்கிறது, அரிப்பு மிகமிகக் குறைவு. சுவீடனில் ஆஸ்கர்ஷாம்ன் பக்கம் கிளாப் என்று ஒரு குளம், பாறைக்கு அடியில் குடைந்து கட்டியது, 1985இலிருந்து ஓடுகிறது. அங்கே எந்தச் சேறும் இல்லை. மேக்னாக்ஸ் ஒரு குறிப்பிட்ட தவறு. அதை வைத்து மொத்தத்தையும் எடைபோட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

நீர்க்கணக்கு | ஞாயிறு, இரவு 8.30

மின்கோபுரம் தம்பி, சிர்கோனியம் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. நான் பார்த்துக்கொண்ட குளமும் அதே வகைதான். ஆனால் ‘மேக்னாக்ஸ் ஒரு குறிப்பிட்ட தவறு’ என்று தாண்டிப்போக முடியாததற்குத்தான் ஹான்ஃபோர்டைச் சொல்ல வந்தேன். அங்கே உறை சிர்கோனியக் கலவை!

வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் கே கிழக்கு, கே மேற்கு என்று அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்த இரண்டு உலைகள், 1955இல் ஓடத்தொடங்கியவை. 1970, 71இல் இரண்டையும் மூடிவிட்டார்கள். மூடிய உலையின் குளம் சும்மா கிடக்கிறதே என்று பக்கத்தில் ‘என்’ (N) என்று பெயரிட்ட உலையின் தீர்ந்த எரிபொருளைக் கொண்டுவந்து போட்டார்கள். கிழக்கில் 1975 முதல், மேற்கில் 1981 முதல். ப்யூரெக்ஸ் என்ற மறுசெயலாக்க ஆலை 1972இல் நின்றிருந்தது. அது மறுபடி ஓடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை. 1983இல் ஓடியது, சில ஆண்டில் மறுபடி நின்றது, 1992இல் இனி ஓடாது என்று முடிவே எடுத்துவிட்டார்கள். குளத்தில் இருந்த சுமார் 2,100 டன் அங்கேயே மாட்டிக்கொண்டது.

உறை சிர்கோனியம்தான். ஆனால் உள்ளே இருந்தது உலோக யுரேனியம். மின் உலைகளில் இருப்பது பீங்கான் மாதிரி ஆக்சைடு வில்லை, உறை ஓட்டையானாலும் அது தண்ணீரில் எளிதில் கரையாது. உலோக யுரேனியம் அப்படி இல்லை. உலையிலிருந்து தள்ளிக் கீழே விழவைக்கும்போதே பல எரிபொருள் கட்டைகளின் உறை கிழிந்தும் நசுங்கியும் போனது. கிழிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து யுரேனியம் ஊதி, உறையை இன்னும் பிளந்தது. கிழக்குக் குளத்தில் அவை மூடியில்லாத குவளைகளில் இருந்தன. அதனால் துகள் முழுக்கக் குளத்தில் பரவியது.

குளமோ வெறும் கான்கிரீட், உள்ளே எஃகுத் தகடு கிடையாது. குளத்தின் அடித்தளமும் உலையின் அடித்தளமும் சேரும் இணைப்பில் கசிவு. 1970களில் கிழக்குக் குளத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கோடி லிட்டர் மண்ணுக்குள் போனது. 1993இல் மறுபடி சுமார் மூன்றரை லட்சம் லிட்டர். ஆறு சில நூறு மீட்டர் தூரத்தில்.

ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கான்கிரீட்டில் தண்ணீர் மட்டம் தொடுகிற கோடு இருக்கிறதே, கோயில் குளத்துப் படியில் பாசிக்கோடு தெரியுமே அது மாதிரி, அங்கே சீசியம் சுவருக்குள் ஊறிவிடும். அதன்பிறகு தண்ணீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் சுவரே கதிர் வீசும். தண்ணீரை இறக்கினால் சுவர் காய்ந்து தூசு பறக்கும், இறக்காவிட்டால் கசியும். ஹான்ஃபோர்டில் குளத்துக்கு மேலே போட்ட கம்பித் தட்டியில் ஆட்கள் நின்றுகொண்டு, நீளக் கம்புகளின் முனையில் கிடுக்கி மாட்டி, கீழே கலங்கலில் ஒவ்வொரு கட்டையாகத் தேடித் தூக்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள்.

கிழக்குக்கரை | திங்கள், காலை 6.15

படகிலிருந்து வந்து இப்போதுதான் படித்தேன். எங்கள் ஊரிலிருந்து கூடங்குளம் கோபுரம் தெரியும். ஐயாவிடம் நேராகவே கேட்கிறேன். 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, தீர்ந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் ஏஎஃப்ஆர் மையம் ஐந்து ஆண்டுக்குள் வேண்டும் என்றது. முடியவில்லை என்று 2018இல் போய் 2022 வரை நேரம் வாங்கினார்கள். 2019 ஜூலையில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள், ஊர்கள் எதிர்த்ததும் தள்ளிவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார், அந்த மையம் இங்கே வேண்டாம், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று. நீங்கள் சொல்லும் அந்த ‘வெளியே போகும் நாள்’ எங்களுக்கு யார் சொல்வார்கள்? தண்ணீர் நல்ல காவல்காரன் என்று எங்கள் ஊரில் வந்து சொல்ல முடியுமா?

நீர்க்கணக்கு | திங்கள், காலை 9.50

ஐயா, வருவேன். இதையேதான் சொல்வேன். ஆனால் பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட மாட்டேன்.

கூடங்குளத்தில் இருப்பது ரஷ்ய வி.வி.இ.ஆர் உலை. உறை சிர்கோனியம்-நையோபியம் கலவை, உள்ளே ஆக்சைடு வில்லை. பி30இல் நடந்த கரைதல் அங்கே அந்த மாதிரி நடக்காது. இதை உங்களிடம் ஒளிப்பது அநியாயம், பயத்தை வேண்டாத இடத்தில் வைத்தால் வேண்டிய இடத்தில் கேள்வி கேட்க மறந்துவிடுவோம்.

வேண்டிய இடம் உங்கள் கேள்விதான். செல்லாஃபீல்டும் ஹான்ஃபோர்டும் கெட்டதன் வேர், ‘அடுத்த ஆலை எடுத்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை. இந்தியாவில் தீர்ந்த எரிபொருளைக் கழிவு என்றே சொல்வதில்லை, மறுசெயலாக்கத்துக்கான செல்வம் என்பதுதான் கொள்கை. கொள்கையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஹான்ஃபோர்டிலும் அதையேதான் நினைத்தார்கள். ஆகவே கூட்டம் மறுபடி கூட்டினால், “பாதுகாப்பா?” என்று கேட்காதீர்கள், பாதுகாப்பு என்றுதான் பதில் வரும். “இதை எடுத்துக்கொள்ளும் ஆலை எது, எந்த ஆண்டு, அது தாமதமானால் இதற்கு எத்தனை ஆண்டு தாங்கும்படி கட்டுகிறீர்கள், தண்ணீர் பரிசோதனைக் கணக்கை மாதாமாதம் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டுவீர்களா?” என்று கேளுங்கள்.

மின்கோபுரம் | திங்கள், காலை 10.30

கடைசி வரியை நானும் வழிமொழிகிறேன். சுவீடனில் கிளாப்புக்கு அடுத்தது என்ன என்பது முடிவாகிவிட்டது. செப்புக் கலத்தில் அடைத்து ஃபோர்ஸ்மார்க் பாறைக்குள் புதைப்பது, 2022இல் அரசு ஒப்புதல் கொடுத்தது. நான் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. குளம் நன்றாக ஓடுவதற்கும் அடுத்த படி தெரிந்திருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

கம்ப்ரியாவாசி | திங்கள், பிற்பகல் 3.20

நான் செல்லாஃபீல்டுக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறேன். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை, பதினோரு ஆண்டாகிறது. கரையோரமாக ஒரு ரயில் பாதை ஓடுகிறது, செல்லாஃபீல்டுக்கென்றே ஒரு நிலையம் உண்டு. ஒரு பக்கம் ஐரிஷ் கடல், இன்னொரு பக்கம் வேலி. பக்கத்து வீடு, எதிர்வீடு, பிள்ளைகளின் பள்ளித் தோழர்களின் பெற்றோர், பாதிப்பேர் அங்கேதான் வேலை. அதனால் இங்கே யாரும் அதைக் கத்திப் பேசுவதில்லை. மறைப்பதுமில்லை.

2014இல் பி30இன் படங்கள் வெளியே வந்தன. விரிசல் விட்ட கான்கிரீட், துருப்பிடித்த இரும்பு, தண்ணீர்மேல் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள். அந்தப் பறவைதான் எனக்கு மனதில் நின்றது. எங்கள் தெருவிலும் காலையில் குப்பைத்தொட்டியைக் கிளறுவது அதே இனம்.

அதற்குப் பத்தாண்டு முன்பே, 2004இல், ஐரோப்பிய ஆணையம் இங்கிலாந்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. காரணம் கதிர்வீச்சுகூட இல்லை. உள்ளே எவ்வளவு அணுப்பொருள் இருக்கிறது என்று எண்ணிப்பார்க்க ஆய்வாளர்கள் வந்தால், கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கே காட்ட முடியாத குளம்.

நல்ல செய்தியும் உண்டு. 2015இல் பி30இலிருந்து சேற்றை உறிஞ்சிப் பக்கத்தில் கட்டிய புது ஆலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதைவிடப் பழைய குளம் ஒன்று, இதே வளாகத்தின் பழைய விண்ட்ஸ்கேல் உலைகளுக்காக 1950களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது, அதிலிருந்து எரிபொருளை 2016 வாக்கில் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். தண்ணீருக்கடியில் ஓடும் சின்ன இயந்திரங்களை ஓட்டுவதற்கு இளைஞர்களை எடுத்தார்கள். என் மகனின் கால்பந்துப் பயிற்சியாளர் அந்த வேலையில் இருக்கிறார். திரையில் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, மெதுவாகப் போக வேண்டும், அவசரப்பட்டால் கலங்கி அன்றைய வேலையே போச்சு என்பார்.

கெட்ட செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உரித்த உறைகளைத் தண்ணீருக்குள் கொட்டிவைத்த தொட்டிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அது 1970களில் கசிந்தது, 2019 முதல் மறுபடி கசிகிறது. நாளைக்கு ஏறத்தாழ 2,100 லிட்டர் என்று 2025இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிக்கை சொன்னது. அடைக்க வழியில்லை. உள்ளே இருப்பதை எடுத்து முடிப்பதுதான் ஒரே வழி, அதற்குப் பல பத்தாண்டு ஆகும்.

கேள்விக்காரி | திங்கள், மாலை 6.00

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. தண்ணீர் இல்லாமல் வைக்கவே முடியாதா?

கிழக்குக்கரை | திங்கள், மாலை 6.35

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். உலர்ந்த கலத்தில் வைப்பதற்கு என்ன தடை?

நீர்க்கணக்கு | திங்கள், இரவு 9.15

முதல் சில ஆண்டுக்குத் தண்ணீரைத் தவிர்க்க முடியாது. புதிதாக எடுத்த எரிபொருளின் சூட்டைக் காற்று மட்டும் தாங்காது. ஐந்து ஆண்டு, அதற்கு மேல் ஆறியபின் கனத்த எஃகு, கான்கிரீட் கலங்களுக்கு மாற்றலாம். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காற்று தானாக மேலேறிச் சூட்டைக் கொண்டுபோகும்.

இதற்கு ஒரு சோதனை யாரும் கேட்காமலே நடந்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாயிச்சியில் ஒன்பது உலர்கலங்கள் இருந்தன, அவற்றில் 408 எரிபொருள் தொகுதிகள். சுனாமித் தண்ணீர் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது, கலங்கள் தாங்கின. அதே வளாகத்தில் நான்காம் உலையின் குளத்தில் 1,535 தொகுதிகள். கட்டடம் வெடித்துத் திறந்துகிடந்தது, குளம் வற்றிவிட்டதோ என்று உலகமே பதறியது. பராமரிப்புக்காகப் பக்கத்து உலைக்கிணற்றில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள், அது இடையில் இருந்த கதவு வழியாகக் குளத்துக்குள் வந்தது. யாரும் திட்டமிட்டதல்ல. பிறகு 2013 நவம்பரில் தொடங்கி 2014 டிசம்பருக்குள் அத்தனையையும் பத்திரமாக எடுத்தார்கள், அது ஜப்பானியரின் பொறுமை.

பிரிட்டனிலேயே இன்னொரு உதாரணம். வேல்ஸில் வில்ஃபா என்ற மேக்னாக்ஸ் நிலையம், 1971இல் தொடங்கியது. அங்கே தீர்ந்த எரிபொருளைக் குளத்தில் போடவில்லை, உலர்ந்த அறைகளில் கரியமிலவாயுவில் வைத்தார்கள். அதே எரிபொருள், அதே மக்னீசிய உறை. அதாவது, மேக்னாக்ஸைத் தண்ணீரில் வைக்காமல் வைக்கும் வழி தெரியாமல் பி30 கெடவில்லை. தெரிந்திருந்தது. ‘எப்படியும் சில மாதத்தில் எடுத்துவிடுவோமே’ என்ற எண்ணத்தில் விட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஹான்ஃபோர்டிலும் கடைசியில் உலர்த்தித்தான் தப்பித்தார்கள். 1994இல் அமெரிக்க அணு வசதிகளின் பாதுகாப்பு வாரியம் இப்படியே விட முடியாது என்று அழுத்தம் கொடுத்தது. கட்டைகளைக் கழுவி, தடித்த எஃகுக் கலத்தில் அடுக்கி, வெற்றிடத்தில் ஈரத்தை உறிஞ்சி, ஆற்றிலிருந்து தள்ளி மேட்டு நிலத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2000 டிசம்பரில் தொடங்கி 2004 அக்டோபரில் முடிந்தது. நாலே ஆண்டு. சேறு? கிழக்குச் சேற்றை மேற்குக் குளத்துக்கு மாற்றிவிட்டு 2009இல் கிழக்குக் குளத்தை இடித்தார்கள். மேற்கில் இருந்த சேற்றின் கடைசிப் பகுதி வெளியே போனது 2019இல். முழுசாக இருந்த எரிபொருளை எடுக்க நாலு ஆண்டு, அது கரைந்த சேற்றைத் தீர்க்க அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு. எண்களிலேயே எனக்கு மிகக் கசப்பானது இதுதான்.

வேதியியல் வாத்தியார் | செவ்வாய், காலை 7.10

சேறு ஏன் அவ்வளவு நாள் என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது ஐயா?

நீர்க்கணக்கு | செவ்வாய், காலை 8.45

கட்டையாக இருந்தால் எண்ணலாம், பிடிக்கலாம், அடுக்கலாம். சேற்றை எண்ண முடியாது. அதில் யுரேனியத் துகள் இன்னும் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் விட்டுக்கொண்டிருக்கும், மூடிய கலத்தில் அடைத்தால் வாயு சேரும். யுரேனியம் ஹைட்ரைடு இருந்தால் காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும். குழாயில் அனுப்பினால் வளைவுகளில் படியும், படிந்த இடத்தில் ஆள் கிட்டப் போக முடியாது. ஆகவே முதலில் கதிர் இல்லாத போலிச் சேறு செய்து, முழு அளவுப் பம்பும் குழாயும் வைத்து ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உண்மையானதைத் தொடுவார்கள்.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். எங்கள் குளத்தின் கரைக்கு யாரும் சும்மா போக முடியாது. சட்டைப்பையில் பேனா கூடாது, மோதிரம் கூடாது, மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்ட வேண்டும். ஒருநாள் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கையிலிருந்த டார்ச்சு நழுவி உள்ளே போனது. ஒரு சாண் நீள டார்ச்சு. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது, கீழே அடுக்குகளுக்கு நடுவே அது கிடப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதை எடுக்க நீளக் கம்பு, கேமரா, கதிர் அளக்கும் ஆள், பொறுப்பாளர் கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒன்றரை ஷிப்டு. அந்தப் பையன் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியும் ஒரே ஒரு பொருளுக்கு இவ்வளவு. கண்ணுக்கே தெரியாத 1,500 கன மீட்டர் சேற்றை நினைத்துப்பாருங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பி30இல் காஸ்டிக் சோடா கலந்து தண்ணீரின் காரத்தன்மையை உயர்த்தி வைக்கிறார்கள், பிஎச் 11க்கு மேல். காரத்தில் மக்னீசியத்தின் மேல் ஹைட்ராக்சைடுப் படலம் ஒட்டி நின்று அரிப்பைத் தடுக்கும். உப்புதான் எதிரி. குளோரைடு சேர்ந்தால் படலத்தில் அங்கங்கே துளை விழும். கடலோரத்தில், கூரை இல்லாத குளத்துக்கு உப்புக்காற்று எதைக் கொண்டுவரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிழக்குக்கரை | செவ்வாய், காலை 11.20

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும் ஐயா. நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன். ஊர்க் கமிட்டியில் வாசித்துக் காட்டுகிறேன். தண்ணீர் பரிசோதனைக் கணக்கில் எதை எதைக் கேட்க வேண்டும் என்று பட்டியல் தருவீர்களா?

நீர்க்கணக்கு | செவ்வாய், மதியம் 12.40

குளோரைடு, மின்கடத்துதிறன், பிஎச், சீசியம்-137, தண்ணீர் மட்டம், ஒரு நாளைக்கு எவ்வளவு டிஎம் தண்ணீர் (உப்புகளை நீக்கிய தண்ணீர்) ஊற்றுகிறார்கள். கடைசியை விடாதீர்கள். ஆவியாவதற்கு ஒரு கணக்கு உண்டு, அதற்கு மேல் ஊற்றினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். சீசியம் மெல்ல ஏறினால் ஏதோ ஒரு உறை ஓட்டை. இந்த ஆறும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

வேதியியல் வாத்தியார் | அடுத்த திங்கள், மாலை 5.30

ஒன்பதாம் வகுப்பில் செய்துபார்த்தோம். மக்னீசிய ரிப்பனை உப்புத்தாளால் தேய்த்து மூன்று கண்ணாடிக் குவளையில் போட்டோம். ஒன்றில் வடிநீர், ஒன்றில் சோற்றுப்பு கரைத்த தண்ணீர், ஒன்றில் காஸ்டிக் சோடா கரைசல், அதை மட்டும் நானே ஊற்றினேன். உப்புத் தண்ணீரில் சிறு குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன, சில நாளில் அடியில் வெள்ளைப் பொடி. சோடாவில் போட்டது பெரிதாக மாறவில்லை. ஒரு மாணவி கேட்டாள்: “சார், இந்தச் சோடாவை எத்தனை நாளைக்கு ஊத்திக்கிட்டே இருக்கணும்?” நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீர்க்கணக்கு | அடுத்த திங்கள், இரவு 9.05

உள்ளே இருக்கும் கடைசிக் கட்டையை எடுக்கும்வரை என்று சொல்லுங்கள். திறந்த தண்ணீர் காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துக்கொள்ளும், காரம் தானாக இறங்கிக்கொண்டே வரும், அதனால் பி30இல் இன்றைக்கும் அளந்து அளந்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது குவளையை மூடாமல் அப்படியே ஜன்னலோரம் வைத்துவிடுங்கள் வாத்தியாரே. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணையே பிஎச் தாள் நனைத்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆண்டுத் தேர்வு வரை எழுதட்டும்.